வெங்காயம் இரட்டிப்பாக விளைந்தால் யாருடைய வறுமை குறையும்?

கேள்வி, 03.02.2024

"வேளாண்மையிலிருந்து வரும் வளர்ச்சி, மற்றத் துறைகளிலிருந்து வரும் வளர்ச்சியைவிட வறுமையைக் குறைப்பதில் குறைந்தது இரு மடங்கு பயன் தருகிறது என்று உலக வங்கியின் 2008 ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குக்கு) விளைகிற அளவைக் கூட்ட வேண்டும். விளைச்சல் இரட்டித்தால் கிராமத்து வறுமை தானாகவே குறையும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்."

04.02.2024

மாற்றுக் கருத்து எனக்குப் பாதி உண்டு. தம்பி எடுத்துக்காட்டிய அந்த இரு மடங்கு, பல நாடுகளின் கணக்கைச் சேர்த்து எடுத்த சராசரி. அந்தக் கணக்கைப் பலமாக்கிய நாடுகளில் முதன்மையானது சீனம். அங்கே 1978 இற்குப் பிறகு கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை குடும்பங்களுக்கு ஏறக்குறையச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதனால் விளைச்சல் கூடியபோது அநேகமாக எல்லா வீட்டிலும் அது தெரிந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் நிலம் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் வறியவர் யார் என்று கேட்டால் நான் காட்டக்கூடிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டமே கிடையாது. அவர்கள் மற்றவரின் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கவும் வெங்காயம் நடவும் கிண்டவும் போகிறவர்கள். பரப்புக்கு எத்தனை அந்தர் (ஓர் அந்தர் ஏறக்குறைய ஐம்பது கிலோ) விளைந்தது என்பது அவர்களுக்குக் காதில் விழும் செய்தி மட்டுமே. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி என்ன என்பதைக் கொண்டுதான் அவர்களுடைய அடுப்பு எரிகிறது.

குத்தகைக்கு எடுத்த செம்மண் தறையில், அதாவது தோட்டத் துண்டில், நானும் வெங்காயம் வைக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். ஆகவே இனி நான் எழுதுவதில் கமக்காரனின் புலம்பலும் கணக்கப்பிள்ளையின் நச்சரிப்பும் கலந்தே வரும்.

06.02.2024

நீர்வேலி ஐயா, "விளைச்சல் கூடாமல் கூலி எங்கிருந்து கூடும்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, விளைச்சல் கூடத்தான் வேண்டும். ஆனால் தறைக்கும் கூலிக்கும் இடையில் சந்தை நிற்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆயிரம் கிலோ சின்ன வெங்காயம் எடுத்தார், கிலோ நூறு ரூபா, விதை, பசளை, இறைப்பு, கூலி, குத்தகை எல்லாம் சேர்ந்து செலவு எழுபதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மிஞ்ச வேண்டியது முப்பதாயிரம். எங்கள் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று சொல்லித் தள்ளிவிடும் வழக்கத்தை எல்லோரும் அறிவீர்கள். அந்தக் கழிவு போனால் வரவு தொண்ணூறாயிரம், மிச்சம் இருபதாயிரம். நிறையில் பத்தில் ஒரு பங்கு போனது போலத்தான் தோன்றுகிறது. உண்மையில் போனது இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது தம்பியின் ஆசைப்படி எல்லோருக்கும் விளைச்சல் இரட்டிக்கட்டும். எல்லோரும் ஒரே கிழமைகளில் கிண்டுவதால் விலை அறுபதுக்கு விழுகிறது என்று கொள்வோம். கிண்டவும் கட்டவும் கூடுதல் கூலி தேவைப்படுவதால் செலவு எண்பத்தையாயிரம். கழிவு போக ஆயிரத்து எண்ணூறு கிலோவுக்கு வரவு ஒரு இலட்சத்து எண்ணாயிரம்; மிச்சம் இருபத்துமூவாயிரம். விளைச்சலை இரட்டித்ததற்குக் கமக்காரருக்குக் கிடைத்த மேலதிகம் மூவாயிரம். பழைய விளைச்சலிலேயே கழிவு மட்டும் ஒழிந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது பத்தாயிரம்.

06.02.2024, இரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தபோது ஒரு மூலை கண்ணில் பட்டது. கழிவு ஒழிந்தால் பயன் எனக்கு. என் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவருக்கு அதனால் ஒரு நாள் வேலையும் கூடுவதில்லை. விளைச்சல் இரட்டித்த கணக்கிலோ எனக்கு மூவாயிரம்தான் கூடியது, ஆனால் செலவில் ஏறிய பதினையாயிரத்தில் பெரும்பகுதி கூலியாகப் போயிருக்கிறது. வறுமை என்று பேசும்போது யாருடைய வறுமையைப் பேசுகிறோம் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு என் சொந்தக் கணக்கே சாட்சியாக வந்து நிற்கிறது. கமக்காரர் கூட்டங்களில் இந்த இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. "விவசாயியைக் காப்பாற்றுங்கள்" என்று மேடையில் சொல்பவர், மேடைக்கு முன்னால் கதிரை அடுக்கியவருக்கு அன்று என்ன கூலி கொடுத்தார் என்று சொல்வதில்லை.

11.02.2024

1970களைப் பற்றிப் பேசாமல் இந்த உரையாடல் இழை முடியாது என்று எனக்குத் தெரியும். உரும்பிராய் அண்ணர் அதைத் தொடக்கிவிட்டார். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை ஏறியது. வலிகாமத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், இறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்கப் பிற நாடுகளுக்கு அனுப்பினார்கள். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்ததும் விலை விழுந்தது. "அந்த ஏழு ஆண்டுகள் திரும்பி வந்தால் போதும்" என்பது அண்ணரின் வாதம்.

அந்தக் காலத்தின் மறுபக்கத்தையும் என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெங்காயம் விற்றவருக்குப் பொற்காலமாக இருந்த அதே ஆண்டுகளில்தான் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். நிலமில்லாதவர் வெங்காயத்தை விற்பவர் அல்லர். அரிசியையும் மிளகாயையும் வாங்குபவர். விலை உயர்வால் வருகிற வளர்ச்சி அவருக்கு வேலையைக் கூட்டலாம், ஆனால் அன்றைக்கே அவருடைய சாப்பாட்டுச் செலவையும் கூட்டும். குறைந்த செலவில் கூடுதலாக விளைவதால் வரும் வளர்ச்சி இதற்கு நேர்மாறானது. விலையைச் சற்றுத் தாழ்த்தி வாங்குபவரையும் காப்பாற்றும். பாதுகாப்புத் தீர்வை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுவடைக் கிழமைகளில் இந்திய வெங்காயம் கொழும்பில் வந்து இறங்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. அந்தத் தீர்வையை வறுமை ஒழிப்பு என்ற பெயரில் கேட்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

12.02.2024

அண்ணர் கோபித்துக்கொண்டார். கோபித்தாலும் பதில் எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. "உன் பெரியவர்கள் பாண் வரிசையில் நின்றதற்கு என் வெங்காயம் பொறுப்பில்லை" என்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

15.02.2024

1970களின் மிளகாய்ச் செழிப்பு வலிகாமத்தோடு நிற்கவில்லை. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த குடியேற்றத் திட்டங்கள் மிளகாயில் தலையெடுத்தன. அந்தத் தோட்டங்களிலும் கிளிநொச்சி வயல்களிலும் கூலிக்கு நின்றவர்களில் பெரும்பகுதியினர் மலையகத்திலிருந்து வந்த தமிழர். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஏற்பட்ட பஞ்சம் துரத்தி ஒரு பகுதியினரும், 1977 இன் வன்செயல் துரத்தி மற்றொரு பகுதியினரும் வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். காட்டை வெட்டிக் கழனியாக்கிய கைகள் அவர்களுடையவை. அவர்களின் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பலர் இன்றும் மற்றவர் பெயரில் உள்ள காணித் துண்டுகளில், உறுதியோ அனுமதிப் பத்திரமோ இல்லாமல் இருக்கிறார்கள். காணிக் கடதாசி இல்லாததால் வீட்டுத்திட்டமும் வங்கிக் கடனும் அவர்களுக்கு எட்டவில்லை. அந்த வளர்ச்சி உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியவர்களின் வீட்டு வாசலை அது ஏன் தாண்டவில்லை என்பதற்கு வேளாண்மைத் திணைக்களத்தின் விளைச்சல் புத்தகங்களில் விடை கிடைக்காது. வலிகாமத்திலும் இதே கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. நிலம் யாரிடம் இல்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சாதி தீர்மானித்தது. இதைச் சொன்னால் இழை வேறு பக்கம் போய்விடும் என்று ஒருவர் எச்சரித்தார்; எனக்கு இதுதான் இழையின் நேர்ப்பாதை என்று படுகிறது.

18.02.2024

புள்ளிவிவரச் சண்டை ஒன்றைத் தீர்த்துவிடலாம். ஓர் அன்பர் 2019 இல் 14.3 வீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 வீதம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்கக் கூடாது. 14.3 வீதம் என்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தன் தேசிய வறுமைக் கோட்டின்படி 2019 இற்குச் சொன்னது. 25 வீதம் என்பது நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற கோட்டின்படி உலக வங்கி செய்த மதிப்பீடு. அதே கோட்டின்படி 2021 இன் எண் 13 வீதமளவில் இருந்தது. எந்தக் கோட்டில் நின்று பார்த்தாலும் விழுந்த பள்ளம் பெரியதுதான், ஆனால் அளவுகோலை மாற்றி மாற்றி அளக்க வேண்டாம்.

அதே 2019 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தின் வறுமை 2.3 வீதம், முல்லைத்தீவினது 44.5 வீதம். முல்லைத்தீவு வேளாண்மை மாவட்டம். அங்கே ஒரு குடும்பத்தின் வயல், வலிகாமத்தில் ஒருவருக்கு உள்ள தோட்டத்தைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும். நாங்கள் பரப்பில் பேசும்போது அவர்கள் ஏக்கரில் பேசுகிறார்கள். பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். அப்படியிருந்தும் நாட்டிலேயே மிக வறிய மாவட்டம் என்ற பெயர் அதற்கு ஏன் வந்தது? 2009 இல் மாடு, உழவு இயந்திரம், விதைநெல், வீட்டுக் கூரை என எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பலர் கடனில் உழுது, கடனில் விதைத்து, அறுத்த நெல்லை ஈரம் காயுமுன்பே கடன்காரருக்கு அளந்தார்கள். நிலம் இருந்தால் வறுமை போய்விடும் என்று போன குறிப்பு ஒலித்திருந்தால், அதற்கு நானே இங்கே ஓர் எல்லைக் கல்லை நட்டுவிடுகிறேன்.

20.02.2024

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கும் ஒருவர் தஞ்சாவூரை உதாரணம் காட்டி, பசுமைப் புரட்சி அங்கே வறுமையைக் குறைத்ததா என்று கேட்கிறார். தஞ்சையில் 1960களில் புதிய நெல்லினமும் பசளையும் வந்து விளைச்சல் கூடியபோது கூலித் தொழிலாளர் தங்கள் பங்காகக் கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் அந்தத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். வளர்ச்சி தானாகக் கீழே வடிந்துவிடும் என்று சொல்பவர்கள் அந்த ஊரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே தமிழ்நாட்டில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களை 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அங்கே சிறு கமக்காரரின் வருமானமும் நிலமற்றவரின் வருமானமும் உயர்ந்தன; வேளாண்மையில் ஒரு ரூபாய் கூடியபோது அந்த வட்டாரத்தின் பிற தொழில்களில் ஏறக்குறைய 87 பைசா கூடியது. கமக்காரர் கையில் வந்த காசு தச்சரிடமும் தையற்காரரிடமும் தேநீர்க் கடையிலும் செலவானதால் வந்த கூடுதல் அது. விளைச்சலைவிட இந்த 87 பைசாவில்தான் என் ஆர்வம் இருக்கிறது.

25.02.2024

அந்த 87 பைசா வலிகாமத்தில் எவ்வளவாக இருக்கும் என்று சில நாட்களாக யோசித்தேன். அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் காசு எங்கே போகிறது என்று என் செலவுப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். மண்ணெண்ணெய் கப்பலில் வருகிறது. யூரியாவும் அப்படியே. கிருமிநாசினியும் இயந்திரத்தின் உதிரிப்பாகமும் அப்படியே. வேதாளன் போன்ற உள்ளூர் வெங்காயத்தை விதைக்கு எடுத்து வைத்தால் மட்டும் அந்தக் காசு பக்கத்து ஊரில் நிற்கிறது. மிச்சமாக உள்ளூரில் தங்குவது கூலியும் உழவுக் காசும் குத்தகையும்தான். குத்தகையும் பல சமயம் கனடாவில் இருக்கும் காணிக்காரரின் கணக்குக்குப் போகிறது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று மட்டும் கணக்கெடுப்பதில் அர்த்தமில்லை.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கிறதா? (87 என்ற எண்ணுக்கும் இந்த இழைக்கும் ஏதோ பொருத்தம்.) அன்றைக்கு மண்ணெண்ணெயில் இறைத்த தோட்டங்களில் முதலில் வெட்டப்பட்டது கூலி. பசளைச் செலவைக் குறைத்தால் பயிர் காட்டிக்கொடுக்கும், எண்ணெயைக் குறைத்தால் வெயில் காட்டிக்கொடுக்கும். ஆளைக் குறைத்தால் வீட்டுக்காரர் கூடுதலாகக் குனிந்தால் போதும். 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கு விதித்த தடையை அரசு நவம்பரில் விலக்கிக்கொள்வதற்குள் பெரும்போக விதைப்பே கடந்துவிட்டதை இதோடு சேர்த்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தாருக்குப் பசளைத் தடை புதிதன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியா இல்லாமலே பயிர் செய்த அனுபவம் உண்டு. இலைதழையை மண்ணில் புதைத்துக் குழை தாழ்த்தவும், எருவுக்காக மாட்டைத் தோட்டத்தில் பட்டி அடைக்கவும் தெரிந்தவர்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் பூவரசம் குழை வெட்டிச் சுமந்து தாழ்ப்பதற்கு ஆள் வேண்டும், மாடு வேண்டும், ஆண்டுக்கணக்கான ஆயத்தம் வேண்டும். வர்த்தமானி அறிவித்தல் வெளியான மறுநாள் அது நடக்காது.

26.02.2024

"அப்படியானால் குழை தாழ்ப்பதுதான் வேலைவாய்ப்புத் திட்டமா?" என்று கேலி செய்திருக்கிறார் நீர்வேலி ஐயா. கேலியாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. கப்பலில் வரும் பொருளுக்குப் போகும் காசு உள்ளூர்க் கூலிக்குத் திரும்புமென்றால் அது வளர்ச்சியாகவும் இருக்கும், வறுமைக் குறைப்பாகவும் இருக்கும். செலவு அடங்கினால்தான்.

02.03.2024

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதாதது வியப்பு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; வழுக்கையாறும் மழைக்காலத்துக்கு மட்டுமே. சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீரைத்தான் நாம் இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலின் பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் அதே கணக்குச் சொல்லும். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தை முன்வைத்ததும் இந்தக் கவலையால்தான்.

பசளை கூடியபோது கிணறுகளில் நைத்திரேற்றும் கூடியது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வசதியுள்ள வீட்டுக்காரர் வடிகட்டி பொருத்துகிறார் அல்லது போத்தல் தண்ணீர் வாங்குகிறார். கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை அந்தக் கிணற்றையே குடிக்கிறது. விளைச்சலை இரட்டிக்கச் சொன்ன தம்பி இந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவார்?

09.03.2024

நேற்று மகளிர் நாள் என்பதற்காக இதை எழுதவில்லை. தறையில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால் எழுதுகிறேன். நடுகையும் களையெடுப்பும் வெங்காயம் நறுக்குவதும் அவர்கள் வேலை. கூலி ஆண்களைவிடக் குறைவு. "மண்வெட்டி பிடிப்பதில்லையே" என்பது வழமையான விளக்கம். நானும் அதே வீதத்தில்தான் கொடுத்து வந்தேன். ஊரில் ஒருவர் மட்டும் கூட்டினால் மற்றக் கமக்காரர் முறைப்பார்கள் என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். போருக்குப் பிறகு பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள் வடக்கில் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கூலி இடைவெளி நேராகச் சோற்றுப் பானைக்குள் விழும் இடைவெளி என்று விளக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தது நுண்கடன். அதன் கதை தனி இழைக்கு உரியது.

தொழிலாளரே வளர்ச்சியின் பங்கைப் பிடித்துவைத்த ஓர் உதாரணமும் எங்களிடம் உண்டு. கள்ளு விற்கும் தவறணைகள் ஏலத்தில் எடுத்தவர் கையில் இருந்த காலத்தில் மரம் ஏறியவருக்குக் கிடைத்தது சொற்பம். 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து விற்பனை தொழிலாளரின் சங்கத்துக்கு மாறியது. மரத்தில் சுரந்த கள்ளின் அளவில் மாற்றம் இல்லை. காசு போன வழிதான் மாறியது. அதைக் கொண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பிய வீடுகள் பல. பின்னாளில் அந்தச் சங்கங்களில் குறைகள் சேர்ந்தன. அதையும் கணக்கப்பிள்ளையாகச் சொல்லத்தான் வேண்டும்.

17.03.2024

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். "இவ்வளவும் சரி ஐயா, நான் தூவல் நீர்ப்பாசனத்துக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்கட்டுமா, வேண்டாமா?" என்கிறார்.

விண்ணப்பியுங்கள். எண்ணெயும் தண்ணீரும் மிஞ்சும். இரண்டும் வெளியே போகும் காசையும் உள்ளே ஏறும் உப்பையும் குறைப்பவை. ஆனால் இறைப்புக்கு வரும் ஒருவரின் வேலை அதனால் குறையும். அந்த மிச்சத்தில் இரண்டு பரப்புக் கூடுதலாகச் செய்வீர்களா, அல்லது அதே பரப்பில் இன்னொரு மரக்கறியைச் சுழற்சியில் வைப்பீர்களா என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு வேறு வேலை கிடைக்குமா என்பது தெரியும். கமநல சேவை நிலையத்தில் விளைச்சலையும் பரப்பையும் கேட்பார்கள். கொடுத்த கூலி நாட்களைக் கேட்பதை நான் கண்டதில்லை. நீங்கள் உங்கள் புத்தகத்தில் ஆண், பெண் என்று பிரித்து அதையும் எழுதி வையுங்கள். தூவல் பூட்டுவதற்கு முந்திய போகத்தின் கணக்கும் வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஆவணியில் கிண்டி முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் இங்கே பதியுங்கள். சந்தையில் கழிவு எவ்வளவு போனது என்பதையும் சேர்த்து.